ஏழாம் ஜோடி

கோடை முகாமில் முதலில் காணாமல் போவது சோப்பு. அடுத்தது ஒற்றைச் செருப்பு. முகாம் முடியும்போது, பெற்றோர் பெயர் தைத்து அனுப்பிய துண்டுகள் எல்லாம் வேறு வேறு பிள்ளைகளோடு வேறு வேறு வீடுகளுக்குப் போய்ச் சேரும். நான் வேலை பார்த்த நான்கு கோடைகளிலும் என் குடிலில் இருந்து ஒரு துண்டுகூட இடம் மாறிப் போனதில்லை. பொறுப்பான ஆள் என்று மேலாளர் உங்களிடம் சொல்லியிருப்பார். அதில் மிகை ஒன்றும் இல்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். நன்றி. விசாரணை அதிகாரிகள் இவ்வளவு தன்மையாகப் பேசுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

முகாமில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. முதல் நாள் மாலைக்குள் பிள்ளைகள் எல்லா வழிகாட்டிகளுக்கும் பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு ஆமை. கேட்டால் மட்டும் தலையை வெளியே நீட்டிப் பேசுகிறேனாம். என் மூன்றாம் கோடையில் புதிதாக வந்த அவனுக்கு வாத்து. பாதங்களை அகட்டி அகட்டி நடப்பான். நீந்தத் தெரியாத வாத்து என்று தெரிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து சிரித்தார்கள். அவனும் கூடவே விழுந்து சிரித்தான். நாடகமும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வந்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

என் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ரத்தத்தில் நோய். கல்யாணமாகி இரண்டாம் வருடம் போய்விட்டாள். இருபத்தேழு வயதில் மனைவியை இழந்தவன் என்றால் மனிதர்கள் ஒரு மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வங்கியில், பேருந்தில், மாடிப்படியில். மேலாளர் எனக்கு மட்டும் இன்னொரு கம்பளி கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்பார். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏன் பெண் பார்க்கவில்லை, ஏன் பெண்களோடு பேசுவதில்லை, எதுவும். மனைவியை இழந்தவனாக இருப்பது ஒரு வேலை மாதிரி. அதை நான் நன்றாகச் செய்தேன்.

நான் அவளை நேசிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நேசித்தேன். எந்த விதத்தில் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

ஏரிக்குப் பொறுப்பு கேப்டன். பழைய கப்பல்காரர். தண்ணீரில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு ஜோடி கொடுப்பார். ஜோடிக்கு ஓர் எண். அவர் விசில் ஊதினால், எந்த ஆட்டத்தில் இருந்தாலும், ஜோடியின் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு எண் விட்டுப்போனாலும் படகு அந்தப் பக்கம் பறக்கும். பிள்ளைகளுக்கு என்ன விதியோ அதேதான் வழிகாட்டிகளுக்கும். நீந்தத் தெரியாதவனோடு நன்றாக நீந்துபவனைச் சேர்ப்பது அவர் வழக்கம். அப்படித்தான் நானும் வாத்தும் ஏழாம் ஜோடி ஆனோம்.

மல்லாந்து மிதப்பதுதான் முதல் பாடம். முதுகுக்குக் கீழே கை வைத்துத் தாங்குவேன். அவன் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பான். பள்ளியில் மரமாக நடித்தது, மரத்துக்கு வசனம் இல்லாததால் தானே ஒன்று சேர்த்துப் பேசி அடி வாங்கியது. ஒருநாள் பேச்சின் நடுவே கையை எடுத்துவிட்டேன். அவன் தானாகவே மிதந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்ததும் பதறி, தண்ணீர் குடித்து, இருமி, என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"துரோகி," என்றான். "சொல்லிட்டு எடுக்க மாட்டியா?"

"சொன்னா மிதந்திருக்க மாட்டே."

"அடப்பாவி. இவ்வளவு நீளமா பேசுவியா நீ? ஆமைக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

அந்த வாரமே, படகுக் கொட்டகையில், காயப்போட்ட மிதவைச் சட்டைகளுக்கு நடுவே அவன் என்னை முத்தமிட்டான். நான் தடுக்கவில்லை. அதற்கு மறுநாள் நான் முத்தமிட்டேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு நாள் மரத்துப்போயிருந்த காலில் திடீரென்று ரத்தம் பாய்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வலியும் இருந்தது.

இரண்டு கோடை ஏழாம் ஜோடியாகவே இருந்தோம். அத்தனை பேர் பார்க்க நாங்கள் கைகோத்து நின்ற இடம் அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அங்கே கையைப் பிடிக்காவிட்டால்தான் திட்டு விழும். விசில் கேட்டதும் அவன் கை என் கையைத் தேடி வரும். கேப்டன் எண்ணி முடித்த பிறகும் கொஞ்சம் தாமதித்துத்தான் விடுவான்.

"அந்த விசிலுக்கு ஒரு சிலை வைக்கணும்டா," என்பான். "அது இல்லேன்னா இந்த ஜென்மத்துல நீ என் கையைப் பிடிச்சிருப்பியா?"

முகாம் இல்லாத மாதங்களில் அவன் என் ஊருக்கே வந்து, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டான். மாலையில் வீட்டுக்கு வருவான். கூடத்தில் என் மனைவியின் படம் இருந்தது. வந்த யாரும் அதைப் பார்க்காததுபோல் நடந்துபோவார்கள். இவன் அதன் முன்னால் நின்று, "இவங்க சத்தமா சிரிப்பாங்களா, வாயை மூடிட்டு சிரிப்பாங்களா?" என்று கேட்டான். எனக்கு நினைவு வரவில்லை. அன்று முழுவதும் யோசித்தேன். வரவில்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஒருமுறை மாமியார் சொல்லாமல் வந்துவிட்டார். அவன் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். முகாமில் கூட வேலை செய்பவர் என்று சொல்லி வைத்தேன். அவன் அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்து, முகாம் கதைகள் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தான். அவர் போன பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"கூட வேலை செய்யறவரா? நல்லா இருக்கே. அடுத்த தடவை குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர்னு சொல்லு. ஆனா ஒரு ஸ்பானராவது கையில குடுத்துடு. நடிப்புன்னா கொஞ்சம் பொருள் வேணும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எப்பவாவது சொல்லுவியாடா? உங்க மாமியார்கிட்ட வேண்டாம். யாராவது ஒருத்தர்கிட்ட. என் அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் அதை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொண்டது அவன் பிழை. பிறகும் பல தடவை கேட்டிருக்கிறான். நானும் அப்படியேதான் இருந்திருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் பேருந்தேறிப் போன பிறகு வழிகாட்டிகள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவோம். மறுநாள் விடிந்ததும் எல்லோரும் ஏரியில் இறங்கி நடு மிதவை வரை நீந்திப்போய்த் திரும்புவது முகாமின் முடிவு. அன்று மதியம் உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இல்லாத கூடம், ஸ்பூன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. வாத்து எழுந்து நின்றான்.

"கேப்டன், எனக்கு ஜோடி மாத்திக் குடுங்க."

சமையல்காரர் கரண்டியைத் தூக்கினார். "என்னப்பா, விவாகரத்தா? ஆமை உன்னை அடிக்குதா?"

"அடிச்சாகூடப் பரவாயில்லைண்ணே, வாயைத் திறந்து திட்டக்கூட மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையைச் சாய்த்தார். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன காரணம்?" என்றார் கேப்டன்.

"தனியா சொல்றேன்."

இருவரும் வெளியே போய்ப் படகுத்துறையில் நின்று பேசினார்கள். சன்னலில் தெரிந்தது. திரும்பி வந்த கேப்டன், "மாத்திக்கலாம். ஆனா பழகாத ஜோடியை நான் நடு ஏரிக்கு விட மாட்டேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கிறபடியே போங்க," என்றார்.

துரோகம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்த மதியத்தைச் சொல்வேன். கத்தி, விஷம் எல்லாம் கிடையாது. சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது ஒருவன் எழுந்து நின்று, எனக்கு இவன் வேண்டாம், வேறு ஆள் கொடுங்கள் என்கிறான். சுற்றிலும் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு வருடம் தண்ணீரில் அவன் உயிரைத் தாங்கியது என் கை. அன்று முழுவதும் அவன் என்னோடு பேசப் பார்த்தான். நான் துண்டுகளை எண்ணினேன், மெத்தைகளை உதறினேன், தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் போட்டேன்.

மறுநாள் காலை ஏரி மேல் பனி அடர்த்தியாகக் கிடந்தது. மிதவை கண்ணில் படவில்லை. கேப்டன் படகில் முன்னால் போனார். பனி இருந்தால் கையைப் பார்க்க முடியாது, குரலை வைத்துத்தான் எண்ணுவார். ஜோடி ஜோடியாக இறங்கினோம். வாத்து இப்போது சுமாராக நீந்துவான். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அது எனக்கு மட்டும் தெரியும். இறங்க விட மாட்டாரே என்று கேப்டனிடம் அதை அவன் மறைத்துவிட்டான்.

பாதி தூரத்தில் கால் பிடித்துக்கொண்டது. முதல் விசில் ஊதியபோது அவன் என் பக்கத்தில் இல்லை. ஒன்று, இரண்டு என்று பனிக்குள் குரல்கள் வந்தன. ஆறு முடிந்ததும் நான் கையைத் தூக்கி ஏழு என்று சொன்னேன். எட்டாம் ஜோடி எட்டு என்றது. மிதவையை நெருங்கும்போது இரண்டாம் விசில். மறுபடியும் ஏழு என்றேன். குரல் நடுங்கவில்லை என்று கேப்டன் உங்களிடம் சொன்னது சரி.

மிதவையில் ஏறி எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. கடைசியில்தான் அவன் கையை விட்டேன், இரண்டாம் விசிலுக்கு என் பக்கத்தில்தான் இருந்தான் என்று சொன்னேன். அதனால் மிதவையைச் சுற்றியே தேடினார்கள். அவன் கிடைத்தது மதியத்துக்குப் பிறகு, கரைக்கும் மிதவைக்கும் நடுவில்.

எல்லோரும் என்னைத் தாங்கினார்கள். சமையல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதாவது குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் இரண்டு கம்பளி போர்த்திவிட்டு, "கடவுளுக்குக் கண்ணே இல்ல. உனக்கே திரும்பத் திரும்ப ஏன்?" என்று அழுதார். கேப்டன் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் போனார். கிழவருக்கு முகமே மாறிப்போயிருந்தது. "அவன் எங்கிட்ட சொன்னது எங்கூடவே போயிடும் தம்பி. நீ பயப்படாதே," என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு சீராக வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவன் அக்கா வந்தார். அவனைப் போலவே நடை. அலுவலகத்தில் எல்லோரும் இருந்தோம், நீங்களும் வாசலில் நின்றிருந்தீர்கள். அவர் யாரையும் விசாரிக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே ஆமை? போன வாரம் போன்ல எல்லாத்தையும் சொன்னான். ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. இந்த ஞாயித்துக்கிழமை உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னான். உங்களுக்காக மாடி அறையைக் கழுவி வெச்சேன் தம்பி. ரெண்டு பேருக்கும் சேர்த்து."

அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேலாளரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். கோபம், அருவருப்பு எதுவும் இல்லை. புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதன் பிறகுதான் நான் உங்களிடம் வந்து, சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். மனசாட்சி உறுத்தியது என்று குறித்துக்கொள்ள வேண்டாம். காப்பாற்ற வேண்டியது போன பிறகு மற்றதை மறைத்து என்ன பயன்?

ஒரு விஷயத்தை நான் மேலே எழுதாமல் விட்டேன். முகாமின் விதிகளில் இன்னொன்று இருக்கிறது. ஒரே குடும்பத்து ஆட்கள் ஜோடியாக முடியாது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, யாராக இருந்தாலும். முகாம் நர்ஸும் அவர் கணவரும் ஒரே நேரத்தில்தான் நீந்துவார்கள், ஆனால் வேறு வேறு ஜோடிகளில். சொந்தம் மூழ்கினால் மனிதன் விசிலை மறந்து கூடவே மூழ்குவான், ஒரு உயிருக்கு இரண்டு போகும் என்பார் கேப்டன். முதல் நாள் வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்வார். நான்கு தடவை கேட்டிருக்கிறேன்.

எனவே வாத்து எழுந்து நின்று ஜோடி மாற்றிக் கொடுங்கள் என்றபோது, ஏன் என்று அந்த மேசையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் என்னை விலக்கவில்லை. குடும்பம் என்று சொல்லப் போனான். எனக்கு வேண்டாத ஒன்றை எனக்குக் கொடுத்தான். படகுத்துறையில் கேப்டன் அவன் தலையைத் தடவியதையும் சன்னலில் பார்த்தேன். உள்ளே வந்து உட்காரும்போது அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், ஒரு வீட்டுக்காரனைப் பார்த்து அசைப்பதுபோல. அந்த ஒரு தலையசைப்பில், மனைவியை இழந்தவனாக நான் கட்டிவைத்த பெயர் போயிற்று. அடுத்தது மேலாளர், அதற்கடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதுவரை தெரிந்தவர்கள் கேப்டன் ஒருவர், அவன் அக்கா ஒருவர். அன்று காலை நான் கணக்குப் போட்டபோது அக்காவுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

தண்ணீரில் நடந்ததையும் சரியாக எழுதுகிறேன். அவன் நீந்திக்கொண்டே பேசினான்.

"நேத்துலேர்ந்து ஓடிட்டே இருக்கியே. சொல்லிட்டேன்டா. கேப்டனுக்குத் தெரியும். கோபமா?"

"இல்ல. பேசாம நீந்து. மூச்சு போயிடும்."

"கோபம் இல்லேன்னா இந்தப் பக்கம் பாரு."

பார்த்தேன். பற்கள் குளிரில் கடகடத்தன, ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் முகம் சுருங்கியது. "கால் பிடிச்சுக்கிச்சு," என்றான். பயப்படவில்லை. முன்பும் அப்படி ஆகியிருக்கிறது, அப்போதெல்லாம் நான் இருந்தேன். இரண்டு கைகளையும் என் தோளில் போட்டான். அப்போதுதான் விசில் ஊதியது.

அவன் பக்கத்தில் இல்லை என்று மேலே எழுதினேன். அது பிழை. திருத்திக்கொள்ளுங்கள். முதல் விசிலின்போது அவன் என் தோளைப் பிடித்திருந்தான். ஒரு கையை எடுத்து என் கைக்காக நீட்டினான், மேலே தூக்க. நான் அவனுடைய இன்னொரு கையையும் என் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். பலம் தேவைப்படவில்லை. அவன் பிடித்திருந்தது, விடமாட்டேன் என்று பிடிப்பவனின் பிடி இல்லை. பிறகு இரண்டு வீச்சு தள்ளிப் போய், என் முறை வந்ததும் ஏழு என்று சொன்னேன். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஐந்தாம் ஜோடிக்குக் கேட்டிருக்கும். நான் திரும்பி வருவேன் என்றே நினைத்திருக்க வேண்டும். கேப்டனின் விதி எங்கள் விஷயத்தில் தேவைப்படவில்லை. ஓர் உயிர்தான் போயிற்று.

இரண்டாம் விசிலின்போது தண்ணீர் அமைதியாக இருந்தது.

இதில் எழுதியது எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடுகிறேன். அவன் அக்காவிடம் காட்டுவதானால் காட்டுங்கள். ஆனால் ஒன்றை அவர் புரிந்துகொள்ள வேண்டும். யாருக்கும் தெரியாமல் இருவர் வைத்திருந்ததை ஒருவன் தனியாக எடுத்துப்போய் வெளியே வைத்தால் அடுத்தவன் என்ன செய்வான்? அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவே மாட்டேன்.